ஆற்றோரம் பேர் சொல்லிக் கூப்பிடாதே

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். இங்கே நானும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கு? போன தடவை அனுப்பின தைலத்தைத் தேய்க்கிறியா, இல்லை அலமாரியில வச்சு அழகு பார்க்கிறியா?

ஒரு நல்ல சேதி. நீ வேலை பார்க்கிற ரிசார்ட்டுக்கு விளம்பரம் எழுதுற வேலை எங்க ஆபீஸுக்கே வந்திருக்கு. அது சின்னதுல உன் வீட்டுல நான் வளர்ந்த ஊருன்னு வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், முதலாளி மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டார். படகுத்துறையில ஒரு பெரிய பலகை வைக்கப் போறாங்க. அதுல ஊரோட வரலாறு வரணுமாம். காட்டுல மரம் வெட்டி ஆத்துல மிதக்க விட்டாங்க, மரக் கம்பெனியை மூடினாங்க, ஊர் காலியாச்சு, அப்புறம் ரிசார்ட் வந்துச்சு. நாலு வரியில முடிஞ்சு போச்சு. படிக்கிறவன் கொட்டாவி விட்டுட்டுப் போயிடுவான். அதனால எனக்கு ஞாபகம் இருந்த ஒரு வழக்கத்தைச் சேர்த்தேன். இதோ பார்:

"மாலையானால் ஊரே ஆற்றங்கரையில் கூடும். பிரியமானவர்களின் பெயரைத் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். எத்தனை தூரத்தில் இருந்தாலும் ஆறு அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். நீங்களும் கூப்பிட்டுப் பாருங்கள்."

எப்படி? ஊரை விட்டு வரும்போது எனக்கு எட்டு வயசுதான். ஆனாலும் எல்லாரும் கரையில நின்னு கூப்பிட்டது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. உனக்கு வேற ஏதாவது தோணினா எழுது. அங்கேதான் போன் சிக்னல் கிடையாதுன்னு அதையே பெருமையா விளம்பரம் பண்ணச் சொல்றாங்களே. சரக்கு வண்டிக்காரர்கிட்ட கடிதம் குடுத்துவிட்டாப் போதும்.

குளிர்ல பச்சைத் தண்ணியில கை வைக்காதே.

உன் தம்பி


மார்ச் 22

தம்பிக்கு ஆசீர்வாதம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். முழங்கால் முழங்காலாத்தான் இருக்கு. தைலம் நல்ல வாசனை, சலவை ரூமே மணக்குது. வலி மட்டும் அசையல.

நீ எழுதினதைப் படிச்சுட்டு சோப்புக் கையோட அப்படியே உக்காந்துட்டேன். யாருடா உனக்கு இந்தக் கதையைச் சொன்னது? தலைகீழா எழுதி வச்சிருக்கியே! இந்த ஊர்ல ஆத்துப் பக்கம் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. மிதக்கிற மரத்து மேல நின்னு கொக்கித் தடியால தள்ளுறவனுக்குக் காலுக்கு அடியில கட்டை உருண்டுக்கிட்டே இருக்கும். தன் பேர் காதுல விழுந்தா எவனா இருந்தாலும் தலையைத் திருப்புவான். திருப்பினா போச்சு. அதனாலதான் சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் தகரத் தட்டைத் தட்டுவோம், ஆபத்துன்னாலும் தட்டைத்தான் தட்டுவோம். அந்தப் பழக்கம் முத்திப்போய் வீட்டுக்குள்ளகூட நெட்டை, மேஸ்திரி, சமையல்னு பட்டப்பேர்தான். உன்னையே எல்லாரும் 'வாலு'ன்னுதானே கூப்பிடுவாங்க, மறந்துட்டியா?

நீ பார்த்தது ஒரே ஒரு நாள். ஆத்தோட மேல வளைவுல அடைச்சுக்கிட்டு நின்ன மரமெல்லாம் மொத்தமா உடைச்சுக்கிட்டு வந்துச்சே, அன்னிக்கு. வரிசையா மரத்து மேல நின்னவங்க யாரையும் காணோம். அப்புறம் என்ன சட்டம், என்ன வழக்கம். ஊரே கரையில நின்னு பேரைச் சொல்லிக் கத்துச்சு. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் நின்னேன்.

அது வழக்கம் இல்லடா. பலகையை மாத்தச் சொல்லு.

ராத்திரி கண் விழிச்சு எழுதாதே. உடம்பு முக்கியம்.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்கணும். உன் கடிதம் வந்த அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கல. அத்தானை ஆறு கொண்டு போன நாளைப் போய் நான் ஏதோ திருவிழா மாதிரி ஞாபகம் வச்சிருந்திருக்கேன். சின்னப் பிள்ளைதானே, கூட்டமும் சத்தமும் மட்டும் மனசுல தங்கிருச்சு. என் மேல கோவம் இல்லையே?

ஆனா பலகை போயிடுச்சு அக்கா. உன் கடிதம் இங்க வந்து சேரும்போது அது அங்க போய்ச் சேர்ந்திருக்கும். துண்டுப் பிரசுரமும் அச்சாயிடுச்சு. ரிசார்ட்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இப்போ போய் 'சார், அது நிஜம் இல்லை'ன்னு சொன்னா என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க. ஊரு வரலாறுன்னு எழுதுறதுல பாதி இப்படித்தான். வர்றவங்க நாலு சத்தம் போட்டுட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போவாங்க. ஆத்துல இப்போ மரமும் இல்லை, மரத்து மேல ஆளும் இல்லை. யார் தலையைத் திருப்பப் போறா? விடு.

மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் தம்பி


மே 16

தம்பிக்கு,

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சுதா? நான் இருக்கேன். கோவமெல்லாம் இல்லை, உன் மேல கோவப்பட்டு எனக்கு என்ன ஆகப்போகுது.

உன் பலகை சக்கைப்போடு போடுது. அஞ்சு மணி ஆனா போதும், படகுத்துறை முழுக்கக் கூட்டம். பொண்டாட்டியைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டே ஒருத்தர் அவ பேரைச் சொல்லிக் கத்துறார். ஒரு அம்மா நாய்க்குட்டியைக் கூப்பிடுறாங்க. ஒரு ஆபீஸ்காரர் தன் முதலாளி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டுக் கூடவே நாலு கெட்ட வார்த்தையும் விட்டார், எல்லாரும் கை தட்டினாங்க. நானும் சிரிச்சேன். பொய் சொல்லல.

ஆனா எதிரொலி சரியில்லை. அந்தக் கரையில பட்டுத்தானே திரும்பணும்? இது மேல வளைவுலேருந்து வருது, அதுவும் கத்தி முடிச்சு எல்லாரும் பேச ஆரம்பிச்ச பிறகு. கூப்பிட்ட பேர் வர்றதில்லை. "ஏய்"னு ஒரு சத்தம்தான் வருது. கூப்பிட்டா பதில் குடுப்போமே, அந்த மாதிரி.

போன வாரம் ஆத்துக்கு அடியில கிடந்த பழைய மரங்கள் மேல வந்துடுச்சு. எந்தக் காலத்துலயோ முழுகினது. கம்பெனி முத்திரை அடிச்ச அடையாளம்கூட அழியல. கறுத்துப் போய், படகுத்துறைக்கு வந்து வரிசையா நிக்குது. மேனேஜர் அதைச் சுத்தி விளக்கு போடச் சொல்லியிருக்கார்.

இன்னொண்ணு. பழைய தொழிலாளர் கொட்டகையைத்தானே அறை அறையாத் தடுத்து வாடகைக்கு விடுறாங்க. அதுல கடைசி ரூம் இன்னும் யாருக்கும் குடுக்கல, பூட்டுச் சாவி என் இடுப்புல இருக்கு. காலையில திறந்தா படுக்கை நனைஞ்சிருக்கு. விரிப்பை எடுத்துப் பிழிஞ்சா மண் தண்ணி. தலையணையில தலை வச்ச பள்ளம். மறுபடி துவைச்சு விரிச்சேன். மறுநாளும் அதே கூத்து.

வெயில்ல தலைக்குத் தொப்பி போட்டுக்கோ.

அக்கா


மே 28

அக்காவுக்கு அன்புடன்,

எல்லாரும் நல்லா இருக்கோம். பெரியவன் பாஸ். உனக்குத் தூக்கம் சரியா வருதா? அதைத்தான் முதல்ல கேக்கணும்னு நினைச்சேன்.

கொட்டகைக் கூரை நம்ம காலத்துலயே ஒழுகும். கோடை மழைக்கு ஒழுகுச்சோ என்னமோ. மரங்களுக்கும் ஒரு பொறியாளர்கிட்ட விசாரிச்சேன். தண்ணி மட்டம் இறங்கினா அடியில கிடக்கிறது மேல வருமாம். எதிரொலி, வளைவு இருக்கிற ஆத்துல அப்படித்தான் இருக்கும். நீ தனியா இருக்கே அக்கா, அதான். இங்க வந்து பத்து நாள் இருந்துட்டுப் போ. பிள்ளைங்க அத்தை அத்தைன்னு உயிரை எடுக்குதுங்க.

ரிசார்ட் மேனேஜர் டவுனுக்கு வந்தப்போ எங்க ஆபீஸுக்குப் போன் பண்ணினார். பழைய மரத் தொழிலாளி மாதிரி வேஷம் போட்டு ஆளுங்களை அனுப்பினது நாங்களான்னு கேட்டார். நல்லா நடிக்கிறாங்கன்னு விருந்தாளிங்க பாராட்டுறாங்களாம். நாங்க யாரையும் அனுப்பல. நீ யாரையாவது பார்த்தியா?

உன் தம்பி


ஜூலை 2

தம்பிக்கு ஆசீர்வாதம். பெரியவனுக்கு ஒரு சட்டைத்துணி எடுத்து வச்சிருக்கேன். தூக்கம் வருது, நல்லாவே வருது.

கூரை ஒழுகலடா. நானே ஏணி வச்சுப் பார்த்தேன்.

போன மாசம் ஒரு டாக்டரம்மா மூணாம் ரூமுல தங்கினாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தவங்க வெளியே வந்து, "உங்க ஆள் ஒருத்தர் ஈரத் துணியோட கட்டில் பக்கத்துல நிக்கிறார். நான் எந்திரிச்சதும் அதுல படுத்துக்கிட்டார், சொல்லி வைங்க"ன்னாங்க. அவங்க பயப்படல, எரிச்சல்தான் பட்டாங்க. நான் போய்ப் பார்க்கும்போது ஆள் இல்லை. படுக்கை நனைஞ்சிருந்துச்சு. கால்மாட்டுச் சட்டத்தைத் தாண்டித் தரையிலயும் தண்ணி சொட்டியிருந்துச்சு. அந்த இடத்துல அந்தக் காலத்துல யார் கட்டில் கிடந்துச்சு தெரியுமா? நெட்டையோடது. அவனுக்கு எந்தக் கட்டிலும் பத்தாது, கால் வெளியேதான் தொங்கும்.

அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. நெட்டையோட நிஜப் பேர் வீட்டுக்கு ஒருத்தனுக்கு வைக்கிற பேர். சாயங்காலம் படகுத்துறையில அந்தப் பேரை யாராவது ஒருத்தர் கூப்பிடாத நாள் இல்லை. மேஸ்திரி பேரும் அப்படித்தான், சமையல் பேரும் அப்படித்தான். யாரோ யாரையோ கூப்பிடுறாங்க, இவங்க தலையைத் திருப்புறாங்க. இத்தனை வருஷம் கழிச்சு.

மேஸ்திரியை நான் கண்ணாலயே பார்த்தேன். சலவை ரூம் வாசல்ல வந்து நின்னு, "சங்கு ஊதியாச்சா?"ன்னு கேட்டார். மீசை அப்படியே கறுப்பு. "இன்னும் இல்லை மேஸ்திரி"ன்னேன். சரின்னு தலையாட்டிட்டுக் கொட்டகைப் பக்கம் போயிட்டார். அவர் நின்ன இடத்துல இன்னும் ஈரம் காயல. கையில இருந்த ஒரு வாளித் துணியைக் கீழே போட்டுட்டேன்.

உன் அத்தான் பேர் வேற யாரும் வைக்கிற பேர் இல்லை.

சரி, வேலை கிடக்கு. மழை வருது, குடை எடுத்துட்டுப் போ.

அக்கா


ஜூலை 9

அக்கா,

நல்லா இருக்கியா? இந்தத் தடவை சும்மா சம்பிரதாயத்துக்குக் கேக்கல.

உன் கடிதத்தை வீட்டுக்காரிகிட்ட காட்டல. நாலு தடவை படிச்சேன். கடைசியில ஒரு வரி எழுதிட்டு, உடனே குடை எடுத்துட்டுப் போன்னு எழுதியிருக்கியே, அந்த வரிதான் என்னைத் தூங்க விடல. நீ எதுக்கு அதை எழுதினேன்னு எனக்குத் தெரியாதா? என்னை வளர்த்தவ நீ. உன் மனசு எந்தப் பக்கம் ஓடுதுன்னு எனக்குத் தெரியும்.

கூப்பிடாதே அக்கா. உன் கால்ல விழுந்து கேக்கிறேன். வர்றது யாரா இருந்தாலும் அது மனுஷன் வர்ற வருகை இல்லை. நான் ஆபீஸ்ல சொல்லிட்டேன், வேலை போனாலும் போகட்டும்னு. பலகையை எடுக்கச் சொல்லி ரிசார்ட்டுக்கு எழுதியாச்சு. அடுத்த வாரம் கழட்டிடுவாங்க. நீ துணிமணியை எடுத்துக்கிட்டு சரக்கு வண்டியில ஏறி வந்துடு. மாடி ரூமை உனக்குன்னு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்.

படகுத்துறைக்குப் போனியா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் எழுது.

உன் வாலு


ஆகஸ்ட் 21

தம்பிக்கு அன்பான ஆசீர்வாதம்.

வீட்டுல எல்லாரும் சுகம்தானே? எனக்கு இப்போ முழங்கால் வலியே இல்லைடா, ஆச்சரியமா இருக்கு. படி ஏறி இறங்குறேன். வீட்டுக்குள்ள சுண்ணாம்பு அடிச்சேன். ஜன்னலுக்குப் புதுத் திரை தைச்சேன், நீலத்துல. பழைய கட்டிலை ஆசாரி வந்து இழைச்சுக் குடுத்துட்டுப் போனார்.

உன் பலகையைக் கழட்டி சலவை ரூமுக்குப் பின்னாடி சாத்தி வச்சிருந்தாங்க. மழையில வீணாப் போகுதேன்னு நான்தான் துடைச்சு, தோட்டக்காரரை விட்டு மறுபடி நட்டேன். மேனேஜர் ஒண்ணும் சொல்லல. சீசன் நல்லா இருக்கு, எல்லா ரூமும் நிறைஞ்சிருக்கு. நிறைஞ்சிருக்குன்னா ரெண்டு விதத்துலயும். விருந்தாளிங்களும் பழகிட்டாங்க. மத்தியானத்துல கட்டிலை விட்டுக் குடுத்துட்டு வெளியே நாற்காலி போட்டு உக்காந்துக்கிறாங்க.

ஒரு உதவி. அங்க கடையில ஆம்பளைச் சட்டை ரெண்டு வாங்கி அனுப்பு. உன் தோளைவிட அகலமா இருக்கணும், கை நீளம் உன் அளவே போதும். வெளிர் நிறம் வேண்டாம். ஒரு சவரக் கத்தியும் வை. தோட்டக்காரருக்குத்தான், பாவம், போட்டுக்க ஒண்ணும் இல்லை.

என்னைப் பத்திக் கவலைப்படாதே. சந்தோஷமா இருக்கேன்.

அக்கா


ஆகஸ்ட் 29

அக்கா,

நலமான்னு எழுதக் கை வரல.

தோட்டக்காரர் தாடி வச்ச ஒல்லிக் குச்சின்னு போன வருஷம் நீதான் எழுதியிருந்தே. என் தோளைவிட அகலமான தோள் அவருக்கு எங்கேருந்து வந்துச்சு? அத்தான் என்னைத் தோள்ல உக்கார வச்சுக்கிட்டு ஆத்தோரம் நடப்பார். அந்த அகலம் எனக்கு மறக்கல.

சட்டை அனுப்ப மாட்டேன். கத்தியும் அனுப்ப மாட்டேன். நானே வர்றேன். மழையில காட்டுப் பாதை சரிஞ்சு கிடக்காம், சரக்கு வண்டிக்காரர் மட்டும் பாதி தூரம் நடந்து வந்து தபாலை வாங்கிட்டுப் போறாராம். பாதை திறந்த அன்னிக்கே புறப்படுறேன். அதுவரைக்கும் கதவைத் தாழ் போட்டுக்கோ.

அவர் பேரைச் சொன்னியா? ஆமா, இல்லை, ஒரு வார்த்தை எழுது.

உன் தம்பி


செப்டம்பர் 17

வாலுக்கு,

நீ நல்லா இருக்கணும், உன் பொண்டாட்டி பிள்ளைங்க நல்லா இருக்கணும்.

ஆமா.

சட்டை கேட்டு எழுதும்போது இன்னும் கூப்பிடல. அது நிஜம். தைரியம் வரல. கட்டின நாள்லேருந்து அந்தப் பேரை என் வாய் சொன்னதில்லையே. அன்னிக்கு ஊரே கரையில நின்னு அவங்கவங்க ஆளைக் கூப்பிட்டுச்சு. நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். புருஷன் பேரைச் சபையில எப்படிச் சொல்றதுன்னு ஒரு வெக்கம், அவர் தலையைத் திருப்பிடுவாரோன்னு ஒரு பயம். அப்புறம் எத்தனை வருஷம் நினைச்சிருக்கேன் தெரியுமா, ஒருவேளை கூப்பிட்டிருந்தா அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கரைக்கு வந்திருப்பாரோன்னு.

விருந்தாளிங்க எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பார்த்துப் படகுத்துறைக்குப் போனேன். முதல் தடவை காத்துதான் வந்துச்சு. ரெண்டாவது தடவை எனக்கே கேக்கல. அப்புறம் அடி வயித்துலேருந்து கூப்பிட்டேன். வளைவுலேருந்து ஒண்ணும் வரல. அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்து படுத்துட்டேன்.

மறுநாள் மத்தியானம் வாசல்ல வந்து நின்னார்.

கால்ல இருந்த தண்ணியை உதறினார். அதே உதறல்டா. வலது கால் ஒரு தடவை, இடது கால் ரெண்டு தடவை. தலைமுடி கருகருன்னு நெத்தியில ஒட்டிக்கிட்டிருக்கு. இருபத்தாறு வயசு ஆம்பளை. நான் கரண்டியை அப்படியே போட்டுட்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும், மடிச்சு விட்டிருந்த கால்சட்டையை அவசர அவசரமா இறக்கி விட்டுக்கிட்டார். கையைக் கட்டிக்கிட்டார்.

"அத்தை, நீங்க எப்போ வந்தீங்க? பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"ன்னார்.

நம்ம அம்மா முகம் எனக்கு அப்படியே வந்துடுச்சுன்னு நீ சொல்லுவியே. சரியாத்தான் சொல்லியிருக்கே.

"வாங்க மாப்பிள்ளை"ன்னேன். வாய் தானாச் சொல்லிடுச்சு. உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கிறார். மாமியார் எதிர்ல எப்படி உக்காருவார்? நின்னுக்கிட்டே சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிடத் தரையெல்லாம் தண்ணி. புதுத் திரையைத் தொட்டுப் பார்த்து, "அவ தைச்சதா, நல்லா இருக்கு"ன்னார். அப்புறம் மெதுவாக் கேக்கிறார், "உங்க பொண்ணு எங்கே அத்தை? என் மேல ஏதாவது கோவமா? அவ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. முதல் தடவையாச் சொன்னா. அதான் வேலையை விட்டுட்டு ஓடி வந்தேன்."

கடைக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொன்னேன். இருட்டுற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டு ஆத்துக்குப் போயிட்டார். அன்னிலேருந்து தினமும் வர்றார். தினமும் கடைக்குப் போயிருக்கா. முந்தாநாள், "அத்தை, தப்பா நினைக்காதீங்க, எந்தக் கடைக்கு?"ன்னு கேட்டார். நான் உள்ளே போய் அடுப்புக்கிட்ட நின்னு வாயில துணியை வச்சுக்கிட்டு அழுதேன்.

நீ வராதே. பாதை திறந்தாலும் வராதே. சின்னவன் தூங்குறானான்னு உன்னையும் கேக்கிறார். வழுக்கைத் தலையோட நீ வந்து நின்னா உன்னை யாருன்னு சொல்லுவேன்? என்னையும் அங்க கூப்பிடாதே. அவர் வர்ற நேரத்துக்கு வீட்டுல யாராவது இருக்கணும்ல. நெட்டைக்கும் மேஸ்திரிக்கும் கேக்க யாருமில்லை, கட்டில் போதும். இவர் அப்படியில்லையே.

சொல்லிடலாம்னு நூறு தடவை நினைச்சேன். ஒரு தடவை சொல்லியும் பார்த்துட்டேன், அதையும் உன்கிட்ட எழுதிடுறேன். நேத்து அவருக்குப் பொறுமை போயிடுச்சு. வாசல்ல நின்னு, உள்ளே பார்த்து, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரல்ல என் பேர்! எனக்கு வயசே மறந்து போச்சு. அவர் எதிர்ல போய் நின்னு, "இங்கதானே இருக்கேன்"னு சொன்னேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துச்சுடா. "வந்துட்டாளா?"ன்னு சிரிச்சுக்கிட்டே, என்னைக் கொஞ்சம் விலகச் சொல்லிட்டு, எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தார்.

அக்கா